முந்தி விசாரித்த துக்கம்

போன் அலறியது.

சார்ஜெண்ட் கோல்மன் ப்ரெஸ்லின் அப்போதுதான் அவித்த முட்டையின் தலையில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டியிருந்தார். மறு தட்டுக்கு வழியில்லை.

"சார்ஜெண்ட்... தபால்கார லோர்கன் பேசறேன். சர்ச் வாசல் கம்பத்தடிக்கு வாங்க. கவுன்சிலர் மலாக்கி டூஹி கீழ கிடக்கார்."

"குடிச்சுட்டா?"

"இல்ல... செத்துட்டு."

முட்டை ஆறிப்போனது.

மேலே மலாக்கி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே மலாக்கி சிரிக்கவில்லை.

மேலே கம்பத்தில் தொங்கியது போஸ்டர். கீழே ஈரத் தரையில், சாய்ந்த ஏணிக்குப் பக்கத்தில், கழுத்து திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது உடல்.

போஸ்டர் கட்டச் சட்டம் அனுமதிக்கும் முதல் ராத்திரி முடிந்திருந்தது. அந்த ராத்திரியில் பாலிகரன் ஊரில் எந்த வேட்பாளரும் தூங்குவதில்லை. நல்ல கம்பத்துக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்வார்கள். சர்ச் வாசல் கம்பமோ ராஜ கம்பம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகிறவன், கடவுளுக்கு அடுத்தபடியாக அதில் தொங்குகிற முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும்.

"பாவம், ஏணி வழுக்கிடுச்சு போல," என்றான் லோர்கன்.

கோல்மன் அண்ணாந்து பார்த்தார். போஸ்டரைக் கம்பத்தோடு இறுக்கியிருந்த கேபிள் டைகளை, அந்தப் பிளாஸ்டிக் வார்களைப் பார்த்தார். இறுக்கியபின் மிஞ்சி நீளும் வால்கள் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன.

மலாக்கி கட்டினால் வால்கள் பூனை மீசை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். போன தேர்தலில் ஒரு பெண்மணியின் தொப்பியையே அது கழற்றிவிட்டதாகப் புகார் வந்து, கோல்மனே போய்ச் சமாதானம் பேசியிருக்கிறார்.

செத்தவரின் பாக்கெட்டில் கைவிட்டுப் பார்த்தார். கைக்குட்டை, ஜபமாலை, பாதி தின்ற சாக்லெட். கத்தரி இல்லை. தரையிலும் இல்லை.

'அப்புறம் யோசிப்போம்' என்று நினைத்துக்கொண்டார். அதுதான் முதல் தப்பு.

"லோர்கன், நான் போய் அவர் மனைவி டிம்ப்னாகிட்ட சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"சத்தியமா விடமாட்டேன் சார்ஜெண்ட். என் மனைவிகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

லோர்கன் மனைவியிடம் சொல்வதும் வானொலியில் வாசிப்பதும் ஒன்றுதான். கோல்மன் பெருமூச்சு விட்டு வண்டியை எடுத்தார்.

டூஹி வீடு ஊருக்கு வெளியே மேட்டில். கதவு திறந்தே இருந்தது.

சமையலறையில் டிம்ப்னா டூஹி நாற்காலியில் சரிந்து கிடந்தாள். கையெல்லாம் மாவு. அவள் எதிரே மண்டியிட்டு, அவள் ஒரு கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார் ஃபெலிம் ராஃப்டர். வீட்டுத் தரகர். மலாக்கியின் கட்சிக்காரர். அதே வார்டில், அதே கட்சிக்கு, இரண்டாவது வேட்பாளர்.

"தெரிஞ்சுபோச்சு சார்ஜெண்ட்," என்றார் ஃபெலிம், கம்மிய குரலில். "நீங்க அந்தக் கொடுமையைத் திரும்பச் சொல்ல வேண்டாம். உக்காருங்க. ஒரு வாய் சாப்பிடுங்க."

மேஜை மேல் ஒரு பெரிய தட்டு நிறைய ஹாம் சாண்ட்விச். சாவு வீட்டுக்கு சாண்ட்விச்சோடு வருவது ஃபெலிமின் வழக்கம். சுற்று வட்டாரத்தில் எந்தச் சவப்பெட்டியும் அவர் கை குலுக்காமல் குழிக்குள் இறங்கியதில்லை. 'உங்க துக்கத்துல பங்கெடுத்துக்கறேன்' என்று அவர் சொல்லும் அழகுக்காகவே சாகலாம் என்று கிழவர்கள் சொல்வதுண்டு.

இந்த ஊரில் செய்தி எப்போதும் போலீஸுக்கு முன்னால் வந்துவிடும். இருபது வருஷமாக கோல்மனுக்கு அது பழக்கம். அதனால் 'உனக்கு யார் சொன்னது' என்று அவர் கேட்கவில்லை.

அதுதான் இரண்டாவது தப்பு. மூன்றாவது தப்பு, சாண்ட்விச். இரண்டு தின்றார்.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. பல் விளக்கிக்கொண்டிருந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

லோர்கன் மனைவிக்கு விஷயம் தெரிந்தது போலீஸுக்குத் தெரிந்த அதே நேரம். அவள் ஊரெல்லாம் ஊதியே இருக்கட்டும்... கடை திறந்து, ஒரு தட்டு சாண்ட்விச் வாங்கி, மேட்டு வீட்டுக்கு ஏறி, மண்டியிட்டு உட்கார ஃபெலிமுக்கு நேரம் எங்கே கிடைத்தது?

நேரே ஃபெலிமின் அலுவலகத்துக்குப் போனார். மேஜை மேல் வரிசையாகப் பேனா. பென்சில்கள் ஒரே உயரம். பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரி.

"சாண்ட்விச்சா?" ஃபெலிம் சிரித்தார். "ராத்திரி பூரா போஸ்டர் கட்டின நம்ம பசங்களுக்கு வாங்கினது. வழியில சேதி கேட்டேன். அப்படியே வண்டியைத் திருப்பிட்டேன்."

"யார் சொன்னா?"

"ரோட்ல யாரோ கை காட்டிச் சொன்னாங்க. நான் இருந்த நிலைமையில முகமா பார்த்தேன்? நான் போனப்ப டிம்ப்னா ஏற்கனவே அழுதுட்டிருந்தா. அவகிட்டயே கேளுங்களேன்."

"கேபிள் டை வாலையெல்லாம் நறுக்கறது உங்க வழக்கம் இல்லையா?"

"சுத்தம் சார்ஜெண்ட். சுத்தமா இருந்தா ஓட்டு வரும்."

சுத்தம் இருந்தது. ஓட்டுதான் வந்ததில்லை. ஃபெலிம் மூன்று தேர்தலில் நின்று மூன்றிலும் தோற்றவர். எதிர்க்கட்சியிடம் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். மூன்று தடவையும் கட்சி ஓட்டை மொத்தமாக வாரிக்கொண்டு போனது மலாக்கி. வெளிக்கட்சிக்காரன் வெறும் போட்டியாளன். சொந்தக் கட்சிக்காரன்தான் பகையாளி.

மலாக்கிக்கு மட்டும் அந்த நாற்காலி முதலில் எப்படி வந்ததாம்? பழைய கவுன்சிலர் பாதிப் பதவிக்காலத்தில் செத்தார். கட்சிக் கிளை கூடியது, பிஸ்கட் தின்றது, மலாக்கி பெயரைச் சொன்னது, அவ்வளவுதான். கவுன்சிலில் இடம் காலியானால் இங்கே இடைத்தேர்தல் கிடையாது. கட்சியின் நாற்காலி கட்சிக்கே.

"டிம்ப்னா, நல்லா யோசிச்சுச் சொல்லு. ஃபெலிம் வந்தப்ப உனக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா?"

மேட்டு வீட்டில், கோல்மன் கேட்டதும் டிம்ப்னா ஜன்னலைப் பார்த்தாள். கறுப்பு உடை. கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"தெரியல சார்ஜெண்ட். தலை கஞ்சியா இருக்கு."

"நீதான் சாட்சி. வேற யாரும் இல்ல. அவன் சொல்லித்தான் உனக்குத் தெரிஞ்சுதுன்னு நீ ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தா போதும், நான் மேல போய்ப் பேசுவேன்."

"மாவு பிசைஞ்சுட்டிருந்தேன். அப்புறம் எல்லாரும் இருந்தாங்க. நடுவுல என்னன்னு... ஒண்ணுமே இல்ல."

"அன்னிக்குக் காலையில உன் போன்ல பெர்த் நம்பர் இருக்கு."

"அக்கா ஃபிலோமினா. தினமும் பேசுவா."

கோல்மன் ஆஸ்திரேலியாவுக்கே போன் போட்டார். அக்கா நர்ஸ். குரலிலேயே ஊசி குத்தினாள்.

"தங்கச்சி புருஷனைப் புதைச்சு ஒரு வாரம் ஆகல. அவளை நிம்மதியா விடுங்க."

டொக்.

அதே வாரம் கட்சிக் கிளைக் கூட்டம். மலாக்கி இடத்தில் டிம்ப்னாவை நிறுத்தலாமா என்று ஒரு பெரியவர் கேட்டாராம். டிம்ப்னாவும் சரியென்று தலையசைத்தாளாம். ஃபெலிம் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாராம்: "இந்த வார்டுல இருக்கிற ஆறு சீட்டுல நமக்கு ஒரு சீட்டுக்குத்தான் ஓட்டு இருக்கு. ரெண்டு பேர் நின்னா சுயேச்சை அசம்ப்டா நடுவுல புகுந்துடுவா. இந்தப் பொண்ணு ஓய்வெடுக்கட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். வேட்புமனு நாள் முடிந்தது. கட்சிக்கு ஒரே வேட்பாளர்: ஃபெலிம் ராஃப்டர்.

சர்ச் வாசல் கம்பத்தில் இப்போது அவர் முகம். வால்கள் ஒட்ட நறுக்கப்பட்டு, சுத்தமாக.

மேலதிகாரி போனில் இருந்தார்.

"கேபிள் டை வாலை நறுக்கறது எந்தச் சட்டப்படி குத்தம், கோல்மன்?"

"மலாக்கி ஒரு நாளும் நறுக்க மாட்டார் சார்."

"அன்னிக்கு நறுக்கணும்னு தோணியிருக்கும்."

"அவர் பாக்கெட்ல கத்தரி இல்லையே சார்."

"உங்க ஊர்ல காக்கா இல்லையா? பளபளன்னு இருந்தா தூக்கிட்டுப் போயிடும்."

"சார், ராத்திரி ஏணியை உருவினது ஃபெலிம்தான். விபத்து மாதிரி தெரியட்டும்னு மலாக்கி போஸ்டரை அவனே கட்டியிருக்கான். பழக்க தோஷத்துல வாலை நறுக்கிட்டான். காலையில யாரும் சொல்றதுக்கு முன்னாடியே துக்கம் விசாரிக்கப் போயிட்டான். அதுவும் பழக்க தோஷம்தான். மத்தவங்களுக்கு முன்னாடி நாம போய் நிக்கணும்னு..."

"சாட்சி?"

"டிம்ப்னாவுக்கு இன்னும் ஞாபகம் வரல சார்."

"வேட்பாளரை ஓட்டுக்கு முன்னாடி சாட்சியில்லாம தூக்கினா, நம்ம ரெண்டு பேருக்கும் கட்சிக்காரங்க மலர்வளையம் வைப்பாங்க. ஓட்டு எண்ணி முடிக்கிற அன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள டிம்ப்னா வாக்குமூலம் வந்தா வா. இல்லேன்னா விபத்துன்னு எழுதி ஃபைலை மூடு."

போனை வைத்தார் கோல்மன். இன்னொன்றும் நினைவு வந்தது. ஜெயித்த கவுன்சிலர்கள் உட்காரும் காவல்துறைக் குழு ஒன்று உண்டு. சார்ஜெண்ட் அவர்கள் முன்னால் நின்று, ஊரில் திருட்டு எத்தனை, தீர்வு எத்தனை என்று ஒப்பிக்க வேண்டும்.

ஃபெலிம் கேள்வி கேட்பான். இவர் பதில் சொல்வார். 'கொலை ஏதும் உண்டா சார்ஜெண்ட்?' என்று கேட்டாலும் கேட்பான்.

அடுத்து நடந்ததை கோல்மன் கண்ணாலேயே பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மழை. டிம்ப்னா தெருவில் நடந்துகொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டு. கையில் ஃபெலிமின் நோட்டீஸ் கட்டு. பக்கத்தில் குடை பிடித்தபடி ஃபெலிம்.

வீடு வீடாக.

"மலாக்கிக்கு ஒண்ணு போடறதா இருந்தீங்க இல்ல? அந்த ஒண்ணை ஃபெலிமுக்குப் போடுங்க. அசம்ப்டாவுக்கு ரெண்டு, மூணுகூட வேண்டாம்."

இங்கே ஓட்டுச் சீட்டில் வேட்பாளர் பெயர்களுக்கு நேரே ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசையில் எண் போடுவார்கள். விதவை வாசலில் நின்று கேட்டால் யார் கதவைச் சாத்துவார்கள்? உள்ளே கூப்பிட்டார்கள். டீ கொடுத்தார்கள். பழக் கேக் கொடுத்தார்கள். கூடவே அழுதார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் வேறு மாதிரிப் பேசினார்கள்.

"புருஷன் கல்லறையில புல்லு முளைக்கல, அதுக்குள்ள இன்னொருத்தன் குடைக்குள்ள போயிட்டா."

"ஆமா... ஆனா பாவம், அவ கேட்டுட்டாளே. ஃபெலிமுக்கே போட்டுடுவோம்."

கோல்மன் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"டிம்ப்னா, ஒரு நிமிஷம் தனியா பேசணும்."

"எதுக்குத் தனியா?" என்றார் ஃபெலிம், குடையைச் சாய்க்காமலே. "அவ நெஞ்சு நொந்து கிடக்கா. நீங்க திரும்பத் திரும்ப அதையே கிளறினா நான் உங்க மேலதிகாரிகிட்டச் சொல்ல வேண்டியிருக்கும்."

"டிம்ப்னா... உனக்கு நிஜமாவே ஞாபகம் வரலையா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஏதோ ஓடியது. பயமா? கெஞ்சலா?

"இன்னும் வரல சார்ஜெண்ட்," என்றாள்.

குடை நகர்ந்தது. கோல்மன் நனைந்தார்.

சுயேச்சை வேட்பாளர் அசம்ப்டா கில்டே எதிர்ப்பக்கக் கடை வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பால்பண்ணைக்காரி. தோளும் குரலும் பெரிசு.

"என்ன சார்ஜெண்ட், கொலைகாரனை வீடு வீடா பாதுகாப்பா கூட்டிட்டுப் போறீங்களா?"

"உனக்கு ஏதாவது தெரிஞ்சா எழுதிக் கொடு அசம்ப்டா."

"எனக்குத் தெரிஞ்சது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிஞ்சதை ஒருத்தரும் எழுத மாட்டாங்க. அவனை இப்ப நீங்க தூக்கினா அந்தக் கட்சிக்கு ஆளே கிடையாது. சீட்டு எனக்கு. அதனால நான் சொன்னா நம்புவாங்களா, சொல்லுங்க?"

நம்ப மாட்டார்கள். கோல்மன் சட்டைக் காலரிலிருந்து மழைத் தண்ணீரைப் பிழிந்தார்.

உள்விளையாட்டு அரங்கத்தில் ஓட்டு எண்ணிக்கை. கம்பித் தடுப்பின் மேல் கட்சிக்காரர்கள் காக்காய்க் கூட்டமாகச் சாய்ந்து, விரிகிற ஒவ்வொரு ஓட்டுச் சீட்டையும் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

கோல்மன் வாசலில் காவல். கையில் காப்பி. அதுவும் ஆறிப்போனது.

ஐந்து இடம் முடிந்தது. ஆறாவதுதான் கடைசி. மிச்சம் இரண்டு பேர். ஃபெலிம். அசம்ப்டா.

குடிதண்ணீர்க் குழாய்க்காகவே தேர்தலில் நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கடைசியில் இருந்ததால், அப்போதுதான் போட்டியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். அவருக்கு ஒன்று போட்டவர்கள் இரண்டு யாருக்குப் போட்டார்களோ, அவர்களுக்கு அந்த ஓட்டுச் சீட்டுகள் பிரிந்து போயின.

"அசம்ப்டா முன்னாடி போறா," என்று முணுமுணுத்தான் தடுப்பில் சாய்ந்திருந்த ஒருவன்.

கோல்மனின் நெஞ்சு துள்ளியது.

"இல்ல... மேட்டுத் தெரு ஓட்டுக் கட்டு வருது. டிம்ப்னா டீ குடிச்ச வீடுங்க எல்லாம்..."

நெஞ்சு உட்கார்ந்தது.

தேர்தல் அதிகாரி மேடையேறினார். மைக் கீச்சிட்டது.

"...ஃபெலிம் ராஃப்டர் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கிறேன்."

பதினேழு ஓட்டு வித்தியாசம்.

கூரை பிளந்தது. ஃபெலிமை இரண்டு பேர் தோளில் தூக்கினார்கள். மேலேயிருந்து அவர் கோல்மனைப் பார்த்தார். மெதுவாகக் கையசைத்தார்.

கோல்மன் கடிகாரத்தைப் பார்த்தார். சாயந்தரம் ஆகிவிட்டது. ஃபைல் மேஜையில் காத்திருக்கும். விபத்து என்று எழுத வேண்டும். எழுதிவிட்டு, அடுத்த மாதம் அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். ஒன்றும் செய்வதற்கில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

தோளில் ஒரு விரல் தட்டியது.

டிம்ப்னா.

"சார்ஜெண்ட்... ஞாபகம் வந்துடுச்சு."

"என்னது?"

"அக்காகூட போன்ல பேசிட்டிருந்தேன். கையில மாவு, அதனால ஸ்பீக்கர்ல. அக்கா ஏதோ சொன்னா, நான் சிரிச்சேன். சிரிச்சுட்டே போய்க் கதவைத் திறந்தேன். ஃபெலிம் நின்னான். என் மாவுக் கையைப் பிடிச்சு, 'உங்க துக்கத்துல பங்கெடுத்துக்கறேன்'னான். 'யாரு செத்தா ஃபெலிம்?'னு கேட்டேன். அவன் முகம் வெளுத்துச்சு. 'மலாக்கி. சர்ச் வாசல் கம்பத்துலேர்ந்து விழுந்துட்டார்'னான். அக்கா எல்லாத்தையும் கேட்டா. அழைப்பு எப்ப ஆரம்பிச்சது, எப்ப முடிஞ்சதுன்னு போனே சொல்லும். லோர்கன் உங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே."

அவள் கைப்பேசியை நீட்டினாள். பெர்த்திலிருந்து ஊசிக் குரல் வந்தது:

"சார்ஜெண்ட்தானே? எழுதிக்கறீங்களா?"

கோல்மன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தார்.

"அவரைக் கீழ இறக்குங்க."

"வாழ்த்துச் சொல்லவா சார்ஜெண்ட்?" என்றார் ஃபெலிம், தோள் மேலிருந்தபடி. அப்புறம்தான் கோல்மனுக்குப் பின்னால் கைப்பேசியோடு நிற்கும் டிம்ப்னாவைப் பார்த்தார்.

தூக்கினவர்களுக்கு என்ன புரிந்ததோ... கைகளை எடுத்துவிட்டார்கள். ஏணி இல்லாமலே விழுந்தார் ஃபெலிம்.

வாகன நிறுத்தத்தில், ஃபெலிமை ஏற்றிய போலீஸ் வண்டி போனபின், கோல்மன் டிம்ப்னாவிடம் திரும்பினார்.

"உனக்கு எல்லாமே முதல் நாள்லேர்ந்து ஞாபகம் இருந்தது."

"துக்கம் சார்ஜெண்ட். ஞாபகம் மெதுவாத்தான் திரும்பும்னு டாக்டரே சொல்லியிருக்கார்."

"மழையில அவன் குடைக்குள்ள நடந்து, அவனுக்கே ஓட்டுக் கேட்டியே..."

டிம்ப்னா கறுப்புக் கையுறையைக் கழற்றினாள்.

"அந்த நாற்காலிக்காகத்தான் என் புருஷனைக் கொன்னான். அன்னிக்குக் கதவைத் திறந்தப்ப சிரிச்ச சிரிப்பு... அதுக்கப்புறம் எனக்குச் சிரிப்பே வரல. மனு நாளுக்கு முன்னாடி நான் வாயைத் திறந்திருந்தா, கொலைகாரன் கட்சின்னு நானே நின்னாலும் தோத்திருப்பேன்; அதுக்கப்புறம் திறந்திருந்தா, கட்சிக்கு ஆளில்லாம நாற்காலி அசம்ப்டாவுக்குப் போயிருக்கும். மலாக்கி நாற்காலி. அதை நான் விடுவேனா?"

"அது இப்ப ஃபெலிமோடது."

"ஆறு மாசம் கவுன்சில் கூட்டத்துக்கு வரலைன்னா பதவி தானா போயிடும். அவன் இருக்கப்போற இடத்துலேர்ந்து கூட்டத்துக்கு பஸ் கிடையாது. அப்புறம் கட்சிக் கிளை கூடும், பிஸ்கட் தின்னும், ஒரு பேரைச் சொல்லும்."

கோல்மனுக்கு இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. வீடு வீடாக. டீ. பழக் கேக். கண்ணீர்.

"வேற யார் பேரையாவது சொல்லிட்டா?"

"கொலையான கவுன்சிலரோட விதவையை விட்டுட்டா? பாலிகரன்லயா?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மறுபடி மழை தூற ஆரம்பித்தது. டிம்ப்னா கைப்பையிலிருந்து குடையை எடுத்து விரித்தாள். ஃபெலிமின் குடை. அதில் பாதியை அவர் தலைக்கு மேலும் பிடித்தாள்.

"காவல்துறைக் குழுவுல எனக்கும் ஒரு இடம் கேக்கப்போறேன் சார்ஜெண்ட். முதல் கேள்வியை இப்பவே சொல்லிடறேன், பதிலைத் தயார் பண்ணிக்கோங்க."

"என்ன கேள்வி?"

"கொலைகாரன் கொண்டுவந்த சாண்ட்விச்சை, ஆதாரம்னு தெரியாம, போலீஸ் எத்தனை தின்னுச்சு?"